காவல் நின்ற சிறுவன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, கிளியனூரில் நம் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுக் குழந்தைகள் கூடிவிட்டார்கள். அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்கக் கதையைத் தவிர வேறு உபாயம் நமக்குத் தோன்றவில்லை. தமிழில் துப்பறியும் நாவலுக்குப் பஞ்சமா? ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தவை அநேகம். ஆனால் அவற்றில் துப்பறிகிறவர்கள் பெரியவர்கள். சிறுவனே கதாநாயகனாகவும், அவன் சிநேகிதர்களே போலீஸாகவும் இருக்க வேண்டும் என்று நம் சபையார் பிடிவாதம் செய்தார்கள். ஆகவே, ஜெர்மானிய ஆசிரியர் எரிக் கேஸ்ட்னர் 1929-ல் வெளியிட்ட ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்ற நாவலை ஆங்கிலத்தில் படித்துப் படித்துத் தமிழில் சொல்லலானோம்.

எமில் தகப்பனாரை இழந்த பள்ளிச் சிறுவன். தாயார் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து குடும்பத்தை நடத்துகிறாள். அவள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த 140 மார்க் பணத்துடன் பெர்லினிலுள்ள பாட்டி வீட்டுக்கு எமில் ரயிலேறுகிறான். பணத்தைச் சட்டையின் உட்புறத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தும் என்ன பயன்? கண்ணயர்ந்து விழித்தபோது பணமும் இல்லை. எதிரே இருந்த தொப்பிக்காரனும் இல்லை. முன்பின் அறியாத பெர்லின் சிறுவர்கள், மோட்டார் ஹாரனும் கையுமாய்த் திரியும் குஸ்டாவ் முதலானோர், அவனுக்காகக் கூட்டம் சேர்ந்து திருடனை நிழல்போல் தொடர்கிறார்கள். முடிவில் பாங்கியிலே, நோட்டுகளில் இருந்த குண்டூசித் துளைகள் திருடனைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. எமிலுக்கு 1,000 மார்க் வெகுமதியும் கிடைக்கிறது.

குழந்தைகள் கைகொட்டினார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும், “அந்தக் குட்டிச் செவ்வாய்க்கு என்ன கொடுத்தார்கள்?” என்று கேட்டாள்.

அந்தக் கூட்டத்தில் சின்னஞ்சிறு பையன் ஒருவன் உண்டு. அவன் குடும்பப் பெயருக்குச் செவ்வாய்க்கிழமை என்று அர்த்தம். டெலிபோன் அருகில் உட்கார்ந்து, வருகிற செய்தியை வாங்கிச் சொல்வது அவனுக்கு இடப்பட்ட வேலை. மற்றவர்களெல்லாம் திருடன் பின்னே ஓட, அவனுக்கும் ஆசை இருந்தும், இடத்தை விட்டு நகரவில்லை. திருடன் பிடிபட்ட வேடிக்கையை அவன் பார்க்கவே இல்லை. கடைசியில் எமிலின் பாட்டி எல்லார் முன்னிலையிலும் அவனைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறாள். அவனுக்குக் கிடைத்தது அதுதான்.

இதைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைத்தது. காரணம் உண்டு.

நமக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தோழர்கள் ஐவர் காசு சேர்த்துத் திண்டிவனத்தில் வாங்கி வந்த பந்து ஒருநாள் காணாமற் போயிற்று. பழைய சாமான் வாங்க வந்த ஒருவர்மேல் சந்தேகம் கொண்டோம். கட்டளையிட்டவர் நாமே. ஏரிக்கரைக்கு இருவர், திண்டிவனம் பக்கம் ஒருவன், புதுச்சேரி சாலைப் புளியமரத்தடியில் ஒருவன். “நாங்கள் வந்து சொல்லும்வரை நகராதே” என்று அவனிடம் சொல்லியிருந்தோம். பந்தோ மாலைக்குள் நம் வீட்டு வைக்கோற்போரிலேயே அகப்பட்டது. ஆனந்தமாக விளையாடினோம், சாப்பிட்டோம், படுத்துவிட்டோம். இரவு அரிக்கேன் விளக்குடன் அவன் தாயார் வந்து, “தம்பி, எங்க புள்ளையைப் பார்த்தியா?” என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. ஓடினோம். தூறலில் நனைந்தபடி மரத்தடியிலேயே நின்றான். “அந்த ஆள் இந்தப் பக்கம் வரலைடா” என்றான். வெட்கத்தால் நாம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கதையிலுள்ள குட்டிச் செவ்வாய்க்கு ஒரு பாட்டி இருந்தாள். 1931-ல் வந்த திரைப்படத்தில் அந்த வேஷம் போட்ட ஹான்ஸ் லோர் என்ற பையனுக்கோ அந்தப் பாக்கியமில்லை. 1933 மே 10-ஆம் தேதி நாஜிகள் பெர்லினில் கேஸ்ட்னரின் நூல்களைக் கொளுத்தினார்கள். கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். அந்த ஆட்சியின் சிப்பாயாகப் போர்முனைக்குச் சென்ற ஹான்ஸ் 1942-ல் மாண்டான். சொன்ன இடத்தில் நிற்கும் பிள்ளை யார் கையில் அகப்படுகிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மறுநாள் காலை அந்தப் பழைய தோழன் வீட்டுக்குப் போனோம். அவன் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறான். காப்பி கொடுத்தான். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, “அன்னிக்கு மழை பேஞ்சுதோ?” என்றான்.

நேயர்களும் இந்தக் கதையை வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். டெலிபோன் அருகில் உட்கார்ந்திருக்கும் பையனின் கட்டம் வரும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம்.