முன்வைத்ததைச் சாப்பிடு

திருமங்கலம்

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. கிராம ஊழியத்துக்குப் போகுமுன் சீஷர்களை அனுப்பும் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுத்து, தடியில் வந்து நின்றுவிட்டாய். மாற்கு 6-இல் தடி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; மத்தேயு 10-இலும் லூக்கா 9-இலும் அதுவும் கூடாது. எது சரி என்று கேட்கிறாய். இரண்டையும் எப்படியாவது பொருத்திவிடுகிற விளக்கங்கள் எனக்குத் திருப்தி தந்ததில்லை. மூன்று பேரும் ஒருமித்துச் சொல்வதைப் பார்: பை வேண்டாம், பணம் வேண்டாம். அப்படிப் போகிறவன் அன்று ராத்திரி யாரோ ஒருவர் வீட்டில் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? பையைப் பற்றிய கட்டளையைக்கூட லூக்கா 22-இல் இயேசுவே மாற்றுகிறார். அதையும் பந்தியில் இருந்துகொண்டுதான் சொல்கிறார்.

லூக்கா 10-ஐத் திரும்ப வாசி. எழுபது பேரை அனுப்பும்போது, கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்பதை 7, 8 இரண்டு வசனங்களிலும் சொல்கிறார். நாம் அதை வழிச்செலவு ஏற்பாடாக நினைத்துத் தாண்டி, பிசாசுகள் கீழ்ப்படிந்த 17-ஆம் வசனத்துக்கு ஓடிவிடுகிறோம். ஊழியத்தின் உயிர் அந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்பேன். பேதுரு யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய்வந்தபின் எருசலேமில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டே, விருத்தசேதனமில்லாதவர்களோடு சாப்பிட்டாய் என்பதுதான்.

நம் மதுரைச் சீமையில் யாரோடு சாப்பிடுவது என்பதை யாரும் லேசாகப் பேசிவிட முடியாது. 1606-இல் வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், மரக்கறி மட்டும் உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அந்த உழைப்பை மனதார மதிக்கிறேன். ஆனால் அவருக்கு முன்பே இங்கே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகியே வாழ்ந்தார். அது என் மனதை இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்க மிஷன் வேறு வழியில் போனது. 1842-இல் நம் திருமங்கலத்தில் அவர்கள் தொடங்கிய செமினரிதான் 1845-இல் பசுமலைக்குப் போனது. 1847-இல், எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போட்டார்கள். உபதேசிமார் உட்படப் பலர் நீக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சம்பளம் கொடுத்தவர்களே பந்தியும் போட்டு, யார் உட்காருகிறார்கள் என்றும் பார்த்தார்கள். லூக்கா 10-இல் பந்தி போடுகிறவர் வீட்டுக்காரர். அனுப்பப்பட்டவன் கையேந்தி நிற்கிற விருந்தாளி. ஊழியக்காரன் அந்த இடத்துக்கு இறங்காமல் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்க முடியுமா என்று நீ யோசிக்க வேண்டும்.

கிராமத்தில் உனக்கு வசதியான வீட்டில்தான் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள். காலனித் தெருவிலிருந்து முதலில் அழைப்பு வந்தால் அங்கேயே தங்கு, அங்கேயே சாப்பிடு. பிறகு பெரிய வீட்டில் கூப்பிட்டாலும் மாறாதே. லூக்கா 10-இல் வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்று வருவதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். யாராவது முகம் சுளித்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையே இந்தப் பகுதியை எடுத்துப் பேசு.

பிரசங்கத்தை எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. உன் அப்பாவிடமும் வாசித்துக் காட்டு. 1847 விஷயத்தில் அவன் என்னோடு ஒத்துப்போக மாட்டான், அவன் சொல்வதையும் கேட்டுக்கொள்.

கர்த்தருக்குள் அன்பான,
அத்தை