கரையேறுங்கலே

இங்கே வழி தவறவே முடியாது. நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகளில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் உண்டு. கிளம்பும்போது நாலைந்து எண்களைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். பலகைகளே காட்டுக்குள்ளும் மணல்மேட்டிலும் கால்வாய்க்கரையிலும் நாள் முழுக்கக் கூட்டிப்போய், இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். வழியில் பெஞ்சு, காபிக் கடை, காற்றடிக்கும் பம்ப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை வெளியே எடுக்கும்போது, "தண்ணி எப்படி வருதாம்?" என்று யாரிடமாவது கேட்க வாய் வருகிறது. கேட்க ஆளில்லை. கேட்டாலும் அர்த்தமில்லை.

என் ஊரான விக்கிரமசிங்கபுரத்தில் வெளியே கிளம்புவதற்கு முன் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். மேற்கே முகம் திருப்பினால் மலை நிற்கும் ஊர். பாபநாசத்தில் தாமிரபரணி விழுந்து இறங்கும் வேகத்தை நம்பித்தான் 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே நூல் மில்லைக் கட்டினார்கள். எங்கள் காலத்தில் அந்த மில் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். மாமா நைட் ஷிப்ட்டு முடிந்து வருவார். பஞ்சுத் தூசி தலையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். தூங்கப் போகிறார் என்று நினைப்போம். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எவன்லாம் வாறான்?" என்பார். எல்லாரும்தான் போவோம்.

அகஸ்தியர் அருவி குற்றாலம் மாதிரி சீசன் பார்ப்பதில்லை. சித்திரை வெயிலிலும் விழும். நல்லெண்ணெய் தேய்த்த உடம்போடு அதன் அடியில் நின்றால் முதலில் மூச்சு நிற்கும், பிறகு காது அடைக்கும், பிறகு உலகத்தில் அந்தச் சத்தத்தைத் தவிர எதுவும் இருக்காது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இங்கே குளியலறைக் குழாயில் வேண்டிய சூட்டில் வேண்டிய வேகத்தில் தண்ணீர் வருகிறது. கண்ணை மூடி நிற்கிறேன். ஒன்றும் அடைப்பதில்லை.

உங்களுக்கும் ஓர் அருவி இருந்திருக்கும். கும்பக்கரையோ, சுருளியோ, பெயரில்லாத ஒரு வாய்க்கால் மதகோ. குளித்து முடித்ததும் வயிற்றைக் கிள்ளிய அந்தப் பசி நினைவிருக்கிறதா? தூக்குவாளியைத் திறந்தால் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். ஈரக் கையோடு, பாறையில் உட்கார்ந்து, குரங்கு வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு தின்போம். அந்தப் பசி இப்போது எனக்கு எடுப்பதில்லை. நேரமானால் சாப்பிடுகிறேன்.

இதையெல்லாம் சாகசம் என்று யாரும் சொன்னதில்லை. குளிக்கப் போனோம், சாமி கும்பிடப் போனோம், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊரே பெயர்ந்து போகும். காட்டுக்குள் ஆற்றங்கரையில் குடில் போட்டு, அடுப்பு மூட்டி, கிடாவெட்டு, ராத்திரி முழுக்க மேளம். அது 1988லேயே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாகிவிட்ட இடம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலி இருக்கிற காட்டில் படுத்திருக்கிறோம் என்று தெரியும். பக்கத்தில் ஆச்சி குறட்டை விட்டுத் தூங்கினதால் பயம் வரவில்லை.

அருவியில் ஆட்டம் போடும்போது மாமா குளிக்க மாட்டார். கரையில் குத்தவைத்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். மலையில் எங்கோ மழை பெய்திருக்கும், இங்கே வெயில் அடிக்கும். தெளிந்த தண்ணீர் லேசாகச் செம்மண் நிறம் காட்டும்; சருகும் சுள்ளியும் மிதந்து வரும்; சத்தம் ஒரு சுதி கனக்கும். அவ்வளவுதான் அவகாசம். "தண்ணி கலங்குதுலே, கரையேறுங்கலே!" அந்தக் குரல் அருவிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும். ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் நாங்கள் நின்ற பாறை இருக்காது. இப்போது என் கைப்பேசி மழை தொடங்கும் நிமிஷத்தைச் சொல்கிறது, பலத்த காற்றென்றால் நிறம் காட்டி எச்சரிக்கிறது. அதற்கு என்னைத் தெரியாது.

கொஞ்சம் தூரமென்றால் காரையாறு. அப்போதெல்லாம் அணையின் இந்தக் கரையில் படகேறினால், இரண்டு பக்கமும் காடு இறங்கி நிற்க, மோட்டார் சத்தம் மலையில் மோதித் திரும்ப, ஒரு வளைவில் பாணதீர்த்தம் வெள்ளையாகத் தெரியும். மாஞ்சோலை பஸ்ஸில் மணிமுத்தாறு தாண்டினதும் ஜன்னலோரச் சண்டை தொடங்கும். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளிர் ஒரு படி கூடும். இறங்கி நடந்தால் அட்டை. மாமா எங்கள் கணுக்காலில் புகையிலையை நனைத்துத் தேய்த்துவிடுவார், அப்படியும் ஏறும். விடியற்காலையில் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும், பள்ளிக்கூடம் போக மனசில்லாத பையன் அடிக்கிற மாதிரி, ராகம் பாதியில் மாறிப்போகும். யார் அடிக்கிறார்கள் என்று முதல் முறை எழுந்துபோய்த் தேடியிருக்கிறேன்.

போகாமலே போன இடம் பொதிகை. 1,868 மீட்டர். பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் என்று ஆற்றைப் பிடித்துக்கொண்டே அது பிறக்கும் இடம் வரை ஏறுகிற பாதையில் மாமா போய்வந்திருக்கிறார். "நீ கொஞ்சம் வளரு, கூட்டிட்டுப் போறேன்." வளர்ந்தேன். அதற்குள் நம் பக்கத்துப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது பொதிகை உச்சியில் அகத்தியரைப் பார்க்க வேண்டுமானால் கேரளத்தில் போனக்காடு வழியாக, வருஷத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும், முன்பதிவு செய்து போக வேண்டும். போகலாம். மாமா இல்லாமல் போகலாம்.

மூடினது தப்பென்று சொல்ல மாட்டேன். பாவம் தீர்க்கிறோம் என்று ஆற்றில் அவிழ்த்துப்போட்ட துணிகள் பாபநாசத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடில்லாமல் விடு என்று எந்த வாயால் கேட்பது. 2024இல் தமிழக அரசே 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. நல்ல காரியம். எனக்கு வேண்டியது அந்த 40இல் இல்லை, அது அரசாங்கத்தின் குற்றமும் இல்லை.

மாஞ்சோலையை நினைத்தால் இந்தக் குறிப்பை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது என்பதால் அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தை நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளினவர்களை 2024இல் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போன பனி அவர்களுக்கு வாசல். எனக்காவது திரும்பிப் போக ஒரு தெரு இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது. அவர்களுக்கு அந்த மலையில்... விடுங்கள்.

இப்போது வாரம் ஒருமுறை மாமாவோடு பேசுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, படித்துறைக்குக்கூட இறங்குவதில்லை. பேப்பரில் அணை நிலவரத்தைப் பார்த்து எனக்கு வாசிப்பார். பாபநாசம் 143 அடியில் எவ்வளவு, சேர்வலாறு 156இல் எவ்வளவு, மணிமுத்தாறு 118இல் எவ்வளவு. ஹாலந்தில் குடியிருப்பவனுக்கு இது எதற்கு என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. போன வாரம் வாசித்து முடித்துவிட்டு, "உங்க ஊர்ல பெரிய மலை எது?" என்றார்.

"வால்சர்பெர்க் மாமா. மூணு நாட்டு எல்லையும் அங்கதான் சேருது."

"எவ்வளவு ஒசரம்?"

"322 மீட்டர். ஆயிரத்துச் சொச்சம் அடி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். பழைய சிரிப்பு.

"ஏலே மருமவனே, அதுக்குப் போயி மலைன்னு பேரு வச்சவன் யாருலே? சைக்கிள்லயே ஏறிரலாம் போலுக்கே."

"ஏறலாம் மாமா. மேல ஓட்டல்கூட இருக்கு."

"அட்டை கடிக்குமா?"

கடிக்காது என்றேன்.