துருவை வேகவைக்கும் பட்டறை

குடகில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நாற்று நடவு தொடங்கும்போது வீட்டிலுள்ள துப்பாக்கி, கத்தி எல்லாவற்றையும் பூசை அறையில் வைத்துவிடுவார்கள். நடவெல்லாம் முடிந்து, செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது பண்டிகை வரும் அன்றுதான் மறுபடி கையில் எடுப்பது. வயலில் கவனம் சிதறாமல் இருக்க நல்ல ஏற்பாடு. இரும்புக்கு இதைவிடப் பொல்லாத ஏற்பாடு இருக்க முடியாது. காற்றில் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டினாலே எஃகு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். மடிக்கேரியின் ஜூலை மாதத்தில் தீக்குச்சி கூட ஒழுங்காகப் பற்றாது.

அந்த ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் தொழில் பழகினேன். அதற்கு முன் கோவையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். பட்டறைக்காரர் கொடவர், எழுபதைத் தாண்டியவர். கூடலூரிலும் வயநாட்டிலும் பழகிய ஒரு தமிழ் அவரிடம் இருந்தது. நான் ‘ஐயா’ என்பேன், அவர் ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.

பட்டறைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் 12 போர் இரட்டைக்குழல்கள். நடுநடுவே ரைபிள்கள் வரும்: இஷாப்பூர் தொழிற்சாலையின் .315, தாத்தா காலத்து பி.எஸ்.ஏ., எப்போதாவது ஒரு ரிக்பி. கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. மார்க் கப்பன் கமிஷனராக இருந்தபோது 1861ல் கிடைத்த சலுகை அது. கடைசியாக 2019ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ரைபிள்களுக்கு வேலை இல்லை. வேட்டைக்குப் போய்வந்த காலத்தில் அன்று இரவே துடைத்து எண்ணெய் போட்டார்கள். இப்போது பீரோவில் கிடக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை பூசைக்கு வெளியே வருகிறது. எங்களிடம் வந்த துருவில் பெரும்பங்கு இந்தச் சும்மா கிடந்த துருதான். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்து, எங்கோ ஈரத் தரையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டுத் திரும்பிவரும் துப்பாக்கிகள் தனிக் கணக்கு.

எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். குழலை மடக்கியோ போல்ட்டைத் திறந்தோ, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. கொண்டுவந்தவர் ‘காலிதான்’ என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இரண்டாவது பாடம் எமரித் தாளைப் பற்றியது. லேத் பட்டறையில் துரு என்றாலே எமரி. இரண்டு தேய்ப்பில் இரும்பு பளபளவென்று வந்துவிடும். என் பையில் இருந்த எமரித் தாள்களை ஐயா முதல் வாரமே வாங்கி மேல்தட்டில் போட்டுவிட்டார். “தம்பி, உனக்கு இரும்பு வேணுமா, துப்பாக்கி வேணுமா?” என்றார். குழலின் மேல் தெரியும் அந்தக் கருநீலம் பெயிண்ட் இல்லை. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் சிவப்புத் துரு. அதே இரும்பும் ஆக்சிஜனும் வேறு விகிதத்தில் சேர்ந்தது இந்தக் கறுப்பு. சிவப்பு ஊதிப் பருக்கும், உதிரும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பையும் தின்னும். கறுப்பு இரும்போடு இறுக ஒட்டிக்கொள்ளும், எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். எமரிக்கு இரண்டும் ஒன்று. எங்கள் வேலையோ கறுப்பை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எடுப்பது. துரு எடுக்கும் தொழிலில் எதை எடுக்காமல் விட வேண்டும் என்பதுதான் கற்றுக்கொள்ளக் கடினமான பகுதி.

செய்முறையைச் சொன்னால் சப்பென்று இருக்கும். துருப்பிடித்த இடத்தில் மெல்லிய எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் தேய்ப்பு அதிகமாகும். எண்ணெய் ஊறினால் துரு தானே இளகும். பிறகு மிக நைசான ஸ்டீல் வூல். கடைக்காரர்கள் ‘நாலு சைபர்’ என்று சொல்லும் ரகம் அது. அதையும் எண்ணெயில் நனைத்து, குழலின் நீளவாக்கில், துணி துவைப்பது போல அழுத்தாமல், விரல் நுனியின் கனம் மட்டும் விழும்படி தேய்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கலங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புது எண்ணெய். இதை விட்டால், கழன்ற துருத் துகளே அரமாக மாறிக் கறுப்பைக் கீறிவிடும். வெள்ளைத் துணியில் காவி நிறம் வருவது நின்றதும் கையும் நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று கை அரிக்கும். அந்த அரிப்பை அடக்கப் பழகவே எனக்கு நெடுநாள் ஆனது.

பொருக்காகக் கட்டிவிட்ட துருவுக்கு ஐயா பயன்படுத்தியது பிரிட்டிஷ் காலத்துக் காலணா. எஃகைவிட மென்மையான உலோகம் என்பதால் விளிம்பைச் சாய்த்துச் சுரண்டினால் பொருக்கு பெயரும், குழலில் கீறல் விழாது. பொருக்குக்குக் கீழே குழி விழுந்திருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. குழிக்குள் இருக்கும் சிவப்பை மட்டும் எடுத்துவிட்டு விட வேண்டும். குழி மறையும்வரை தேய்த்தால் குழலின் சுவர் மெலியும், உருவம் கெடும், உற்பத்தியாளரின் முத்திரை எழுத்துகள் மங்கும்.

கண்ணுக்குத் தெரியும் துரு அவ்வளவு ஆபத்தானதில்லை. குழலும் ரிசீவரும் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உண்மையான சேதம். வெளியே பளிச்சென்று வரும் ரைபிளின் திருகுகளைக் கழற்றி, கட்டையிலிருந்து இரும்பைத் தூக்கினால், மரம் குடித்த மழை முழுக்க அங்கே வேலை செய்திருக்கும். அந்த மறைவிடத்தில் தேன்மெழுகு பூசி மூடுவது எங்கள் பட்டறை வழக்கம். எண்ணெய் அங்கே ஆகாது, மரத்தை ஊறவைத்துவிடும்.

வீட்டு வைத்தியத்தால் கெட்டவை துருவால் கெட்டவற்றுக்குக் குறைவில்லை. குடகில் பன்றிக்கறிக்குக் கச்சம்புளி ஊற்றுவார்கள். கொடம்புளிப் பழத்தின் சாற்றைக் காய்ச்சி எடுத்த கறுப்புக் குழம்பு, கடும் புளிப்பு. பித்தளைக் குத்துவிளக்கு அதில் மின்னுகிறதே என்று ஒருவர் ரைபிள் குழலுக்கும் போட்டுவிட்டார். துரு போயிற்று. கூடவே கருநீலமும் போய், குழல் சுத்த வெள்ளையாக வந்து சேர்ந்தது. அமிலத்துக்குச் சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆக்சைடு என்ற பேதம் தெரியாது. நம் ஊர்ப் புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எல்லாம் இதே ரகம்தான்.

குழலின் உட்புறத் துருவுக்குப் பெரும்பாலும் வேறு காரணம். பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். உப்பு போன்ற பொருள். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் உப்பு கரையாது. சுட்டபின் எண்ணெய் மட்டும் போட்டு வைத்த ரைபிள்கள் அதனால்தான் உள்ளே அரித்துப்போயின. பழைய ஷிகாரிகள் முகாமில் கெட்டில் நிறையக் கொதிநீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றியது இந்த உப்புக்காகத்தான். சூடேறிய குழல் தானாகவே உலரும். எண்ணெய் அதற்குப் பிறகு. நீரால் வரும் துருவை நீராலேயே தடுத்தார்கள்.

அந்த வேடிக்கை பட்டறையின் மிகப் பெரிய வேலையிலும் உண்டு. கருநீலம் முழுக்கப் போன குழலுக்கு மறுபடி நிறம் ஏற்ற வேண்டும் என்றால், ஐயா அதைத் துருப்பிடிக்க வைப்பார். வேண்டுமென்றே, மழைக்காலமாகப் பார்த்து. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் சுண்ணப் பொடியால் குழலைத் தேய்த்துக் கழுவி, இரண்டு முனையிலும் மரத்தக்கை அடிக்க வேண்டும். அதன் பிறகு அந்தத் தக்கையை மட்டுமே பிடிக்கலாம்; விரல் பட்ட இடம் நிறம் ஏறாது. அமிலத்தில் இரும்பைக் கரைத்துச் செய்த கரைசலைப் பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஒரே இழுப்பில் பூச வேண்டும். அளவு விகிதத்தை இங்கே எழுதப்போவதில்லை. நைட்ரிக் அமிலம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பழகும் பொருளில்லை. பூசிய குழலைத் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நைசாகத் துரு பூக்கும். வறண்ட ஊர்களில் இதற்கென்று ஈரப்பெட்டி செய்து வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு ஜூலையில் பட்டறையே ஈரப்பெட்டி.

பிறகு நீளமான இரும்புத் தொட்டியில் கொதிக்கும் மழைநீர். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்பு, குழலில் புள்ளி விட்டுவிடும். கொதிநீருக்குள் இறக்கிய சற்று நேரத்தில் ஆரஞ்சு கறுக்கத் தொடங்கும். கால் மணி நேரத்தில் குழல் முழுக்க வெல்வெட்டு மாதிரி ஒரு கறுப்பு. எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலால் அதை லேசாகத் தேய்த்தால் மேல்தூள் உதிர்ந்து, அடியில் மெல்லிய சாம்பல் படலம் நிற்கும். முதல் சுற்றில் திட்டுத் திட்டாக, பார்க்கச் சகிக்காது. மறுபடி பூச்சு, மறுபடி துரு, மறுபடி கொதி. ஆறேழு சுற்று ஆன பின்புதான் அந்த ஆழமான நிறம் வந்து உட்காரும். கடைசிக் கொதிப்பு முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் முழுக்காட்டி ஓர் இரவு விட வேண்டும்.

தொழிற்சாலைகள் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரியையொட்டிக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்தில் இதே நிறத்தைக் கொண்டுவந்துவிடும். ஒற்றைக்குழல் ரைபிளுக்கு அது போதும். பழைய இரட்டைக்குழல்களின் குழல்களையும் நடுப்பட்டையையும் ஈய வெள்ளீயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள். காஸ்டிக் அந்தப் பற்றைத் தின்றுவிடும். அவற்றுக்கு மெதுவான வழி ஒன்றே வழி. பாட்டிலில் விற்கும் கோல்ட் ப்ளூ பற்றி என் தீர்ப்பு கடுமையானது. திருகு தலைக்கும் சின்னக் கீறலுக்கும் சரி. முழுக் குழலுக்குப் பூசினால் சில மாதத்தில் உரசும் இடமெல்லாம் வெளுத்துவிடும், துருவையும் தடுக்காது.

கைல்போது முடிந்த வாரம்தான் பட்டறையில் கூட்டம். பூசையில் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்து, தோக்குப் பூ சூட்டுவார்கள். நம் செங்காந்தள்தான் அது. சந்தனம் என்பது தண்ணீரில் குழைத்தது. அன்று மாலையே துடைத்துவிட்டால் ஒன்றுமில்லை. பிரசாதம் என்று மறுநாள் வரை விட்டுவைத்தால், பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. ஐயா தன் வீட்டுத் துப்பாக்கியில் சந்தனத்தைக் கட்டைப் பகுதியில் மட்டும் வைப்பார். சாமி கோபித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் ரைபிள் ஒன்று உரிமத்தோடு இருந்தால், தோலுறையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் வெளியே எடுங்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் உறைக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தொட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் விரல் பட்ட இடத்தைத் துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு ஓர் இரவில் ரேகையை அப்படியே துருவில் பதித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக அதில் ஊறும் அமிலம் இரும்பைப் பிடிக்கும். காற்றோட்டமுள்ள, பூட்டுள்ள அலமாரியில் குழல் வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். எண்ணெய் வழிந்து கட்டைக்குள் இறங்காது. சிலிக்கா ஜெல் வைத்தால், நிறம் மாறியதும் வெயிலில் காயவைத்து ஏமாறாதீர்கள். அதற்கு 120 டிகிரி அடுப்புச் சூடு வேண்டும். சிவப்பு கண்ணில் பட்டால் எண்ணெய் பூசி அப்படியே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற பட்டறைக்கு எடுத்துப் போங்கள். புளிப் பாத்திரத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.