சாறு இனிக்கிறது, சர்க்கரை குறைகிறது

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தபோது சி.வி.ராமன் செய்தது, இன்றைக்கும் இயற்பியல் மாணவர்கள் செய்கிற அதே வேலைதான். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணாடிப் பட்டகத்தை வைத்துக் கோணத்தை அளப்பது. அளந்தோமா, எழுதினோமா, கையெழுத்து வாங்கினோமா என்று முடிந்துபோகிற வேலை.

ராமன் அதோடு முடிக்கவில்லை. பட்டகத்தின் மேல் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, பிம்பத்தின் இரு பக்கமும் மெல்லிய பட்டைகள் தெரிந்தன. வழக்கமாக அவை இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும். இங்கே இல்லை! ஏன் என்று கேட்டு, சோதனையைத் தானே அமைத்து அளந்து எழுதினார். எழுதியதைப் பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் பதில் வரவில்லை. (வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்த பிறகும் மௌனம் காக்கும் ‘கைடு’கள் இன்றும் உண்டு.) ஆனால் ஆய்வகத்தில் இஷ்டப்படி வேலை செய்யவிட்டவரும் அதே ஜோன்ஸ்தான். அந்தப் புண்ணியத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். கடைசியில் ராமனே லண்டனின் ‘ஃபிலாசஃபிகல் மேகஸின்’ இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சானது. அவருக்கு வயது 18.

ராமன் பிறந்தது திருச்சி திருவானைக்காவலில். பெரம்பலூர் பகுதியும் 1995 வரை திருச்சி மாவட்டம்தான். அங்கே எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்த மாதிரி ஓர் ஆலையின் ஆய்வகத்துக்கு இன்டர்ன்ஷிப் போகும் பி.எஸ்சி. மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். சாற்றில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டுவது பிரிக்ஸ். அதில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டுவது போலாரிமீட்டர் தரும் ‘போல்’. இரண்டையும் அளக்க ஒரு வாரத்தில் பழகிவிடும். அதன்பின், “நீயே ஒரு சோதனை பண்ணும்மா” என்பார்கள். கை நின்றுவிடும்.

கேள்வி ஆலை வாசலிலேயே நிற்கிறது. வெட்டிய கரும்பு டிராக்டரில் காத்துக் கிடந்தால் என்ன ஆகும்?

பிரிக்ஸ் மட்டும் பார்ப்பது என்று திட்டம் போட்டால், அவள் ஏமாந்துபோவாள். வெயிலில் கரும்பு காயும்; தண்ணீர் குறையும்; சாறு கெட்டியாகும். பிரிக்ஸ் ஏறும். ‘காத்திருந்தால் சர்க்கரை கூடுகிறது’ என்றுகூட எழுதிவிடுவாள். உள்ளே நடப்பது வேறு. கரும்பிலுள்ள நொதியும் வெட்டுவாயில் புகும் கிருமிகளும் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என உடைக்கின்றன. நாக்குக்கு இனிப்புதான், ஆலைக்கோ அது படிகமாகாத நஷ்டம். போலாரிமீட்டரில் சுக்ரோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். அதனால் போல் இறங்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல் என்று எடுத்தால், தெரிவது நேரத்தின் விளைவா, வயலின் விளைவா? ஒரே வயலில், ஒரே ரகத்தை, ஒரே நாளில் வெட்டி, கலந்து, கட்டுகளாகக் கட்ட வேண்டும். சில கட்டுகளை அன்றே பிழிய வேண்டும். மீதியில் பாதி வெயிலில். பாதி நிழலில், ஈரச் சோகை போர்த்தி. 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கட்டுகளைப் பிழிய வேண்டும். ஒரே கட்டை நம்பினால், அதில் ஒரு சொத்தைக் கரும்பு இருந்தாலும் கணக்கு கெடும்.

இன்னொன்றும் உண்டு. கட்டும்போது ஒரு முறை, பிழியுமுன் ஒரு முறை எடை போட வேண்டும். ஆய்வகத் தாளில் அதற்குக் கட்டம் இருக்காது. ஸ்கேல் வைத்து அவளே போட்டுக்கொள்ள வேண்டும். விவசாயிக்குப் பணம் எடைக்குத்தான். டிராக்டரோடு வாசலில் காத்திருப்பவர் அவளிடம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்: “எத்தனை கிலோ போச்சு பாப்பா?”