தையல் போட்ட பிறகு

கர்ப்பப்பையை நீக்கும் ஆபரேஷனில் எவ்வளவு பழகிய கையும் நிதானிக்கிற ஓரிடம் உண்டு. கர்ப்பப்பை வாய்க்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 2 செ.மீ. தூரத்தில் கர்ப்பப்பைத் தமனி குறுக்கே வருகிறது. அதற்கு நேர் அடியில் ஓடுவது யூரிட்டர், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய நாளம். தமனிக்குப் போடும் கிளாம்ப் கொஞ்சம் வெளியே விலகினாலும் நாளமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஃபோர்செப்ஸ் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்ப்போம். யூரிட்டராக இருந்தால் புழுவைப்போல நெளியும். அது எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் கத்தரியை வாங்குவேன்.

எல்லா வயிறும் புத்தகத்தில் படித்ததுபோல இருந்துவிடுவதில்லை. பெரிய ஃபைப்ராய்டு கட்டி நாளத்தை இடம் மாற்றித் தள்ளியிருக்கும். எண்டோமெட்ரியோசிஸில் இடுப்புக்குழி முழுக்க இறுகி ஒட்டிக்கிடக்கும். நம் ஊரில் எனக்கு இவற்றைவிட அதிகம் கவலை தருவது பழைய சிசேரியன் தழும்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அந்தத் தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கும்போது கிழியலாம். அங்கேயே பார்த்துத் தைத்துவிட்டால் ஒன்றிரண்டு வாரம் கதீட்டரோடு இருந்து பெரும்பாலும் ஆறிவிடும். பார்க்காமல் விட்டால்தான் வினை. அதனால் சிக்கலான கேஸ்களில், முடிக்கும் முன் சிறுநீர்ப்பைக்குள் சிஸ்டோஸ்கோப் விட்டு இரண்டு பக்க யூரிட்டரிலிருந்தும் நீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஜூனியர்களிடம் பிடிவாதம் பிடிப்பேன்.

அப்படியும் சில காயங்கள் மேசையில் தெரியாது. நாளத்தில் மின்கருவியின் சூடு பட்டிருந்தால் அன்றைக்கு முழுசாகத்தான் இருக்கும். திசு செத்து ஓட்டை விழ ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். விலாவில் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்று உப்புசம் என்று அவர் திரும்பி வரும்போது, "வாயுதாம்மா" என்று மாத்திரை எழுதி அனுப்புவது மிகச் சுலபம். மிக ஆபத்தும் அதுவே.

வெளியூரில் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அம்மா என் ஓ.பி.க்கு வந்தார். எல்லாரும் வெளியே போகும்வரை பேசவில்லை.

"துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு டாக்டரம்மா. வெள்ளைப்படுதுன்னு இருந்துட்டேன்."

"படுத்திருக்கும்போதும் நனையுதாம்மா?"

"எந்நேரமும். மருமக பக்கத்துல வந்து உக்காந்தா நான் எழுந்து போயிடுறேன்."

பிறப்புறுப்புக்குள் மூன்று பஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கதீட்டர் வழியே சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து ஏற்றி, கொஞ்சம் நடக்கச் சொல்வோம். மேல் பஞ்சு நீலமானால் ஓட்டை பையில். நிறமில்லாமல் நனைந்திருந்தால் யூரிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அவருடைய மேல் பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நீலம் துளியும் இல்லை. ஸ்கேன் அதை உறுதி செய்தது. நாளத்தைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்திய பிறகு ஒழுக்கு நின்றது. நாற்றம் வீசுமோ என்று பயந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லையாம். எங்கள் ரிஜிஸ்டரில் இத்தனையும் 'சிக்கல்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஆபரேஷனை நான் பழிக்கவில்லை. புற்றுநோயிலும், மருந்துக்கு நிற்காத உதிரப்போக்கிலும் அது உயிர் காக்கிறது. ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கி, மூச்சு வாங்க வந்த பெண் ஆறு மாதம் கழித்து நாற்று நடப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால், "புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துடுங்க" என்று வருகிறவர்களிடம் அவசரப்படக் கூடாது. மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, ஹிஸ்டரோஸ்கோப்பில் பாலிப்பை மட்டும் எடுக்க வழி இருக்கிறது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் பற்றிய வழக்கில், அதைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 45 வயதுக்குள் காரணமின்றிச் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது இன்னும் பெரிய அநியாயம்: மாதவிடாய் நிற்பதன் தொல்லைகள் ஒரே நாளில் வந்து இறங்கும், எலும்பு தேயும், இதயநோய் அபாயம் கூடும். கணவரும் மகனும் மேசைக்கு முன்னால் முடிவெடுக்க, அந்தப் பெண் பின்னால் நிற்கிற காட்சி எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அவரை உட்காரவைத்து, அவரிடம்தான் பேச வேண்டும்.

ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சினைப்பைகள் இருக்கின்றனவா, எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தெரியாமலே இருக்கிற பெண்கள் ஏராளம். வீட்டுக்கு வந்த பிறகு துணி காரணமின்றி நனைந்தால் மறு செக்கப் தேதிவரை காத்திருக்காமல், அன்றைக்கே வாருங்கள்.