விடுதியா, வீடா?

போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்கு வந்த எங்களைப் போன்றோர் குடும்பத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை பிறந்துவிட்டால், விடுதியில் சேர்ப்பீர்களா, வீட்டில் வைத்திருப்பீர்களா என்றே உற்றார் கேட்கின்றனர். எங்களையும் கேட்டனர்.

வீடு என்பது யாது? தாயும் தந்தையும் காய் பறிக்கச் சென்றபின் மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்திக் காவல் வைப்பதும், கதவைத் தாழிடுவதுமே பலவிடத்தும் வீட்டுப் பராமரிப்பு எனப் பெயர் பெறுகின்றன. அந்த லயமும் நமதன்று. வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டும். விடுதியோ தொலைவில். பத்துத் தமிழ்ச் சொற்களே அறிந்த பிள்ளை, மலையாளமே வழங்கும் இடத்தில் அவற்றை யாரிடம் சொல்லும்?

ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூணாற்றில், தேயிலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1991இல் 'டேர்' பள்ளி தோன்றியது. பகலில் பயிற்சி, மாலையில் வீடு. வளர்ந்தவர்கள் இயற்கைச் சாயமிடுதல், காகிதம் செய்தல் முதலிய தொழில்களில் ஊதியமும் பெறுகின்றனர். கேரள உள்ளாட்சிகள் 2004 முதல் நடத்திவரும் 'பட்ஸ்' பள்ளிகளும் பகற்பள்ளிகளே. ஆயின் வண்டி வராத தோட்டத்திற்குப் பள்ளி இருந்தென்ன! ஊராட்சியில் நாம் முதலில் கேட்க வேண்டியது வண்டியையே.

எங்களுக்குப் பின்? 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்த இத்தகையோர்க்கும் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். நாங்கள் எம் தம்பியின் பெயரை எழுதியுள்ளோம். அவனுக்குப் போடியில் சொந்த வீடு உண்டு.