அடியில் நாட்டுச் சிவப்பு, நுனியில் சித்திரப் பூ

“ஏழரைக்குள்ள வந்திடுங்கோ தம்பி. வெய்யில் ஏறினால் பிறகு ஒண்டும் செய்யேலாது” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார், உடுப்பிட்டியில் செவ்வரத்தையைக் கலந்து புதுப் பூ உண்டாக்கும் ஓர் அம்மா. கோயிலுக்குப் பூப் பறிக்கிற நேரந்தான் செவ்வரத்தைக்கு மகரந்தம் தொடுவதற்கும் நல்ல நேரம். அதனால் அவர் வளவில் விடியற்காலையில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒரு வரிசைப் பூ பிள்ளையாருக்குப் போகிறது. மற்ற வரிசையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் வல்லை வெளியைத் தாண்டியதும் வீதி பிரிகிறது. ஒன்று நெல்லியடிப் பக்கம் போகும், மற்றது உடுப்பிட்டி ஊடாக வல்வெட்டித்துறைக்குப் போகும். உடுப்பிட்டிச் சந்தியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்தால் இரு பக்கமும் மதில்கள். முன்பு கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நின்ற இடங்கள் இவை. நான் போன வீட்டில் மட்டும் ஒரு பக்கம் இன்னும் வேலிதான். அந்த வேலியில் பழைய நாட்டுச் செவ்வரத்தை ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஒற்றை அடுக்கு, ஒரே சிவப்பு, கறையுமில்லை கரையுமில்லை. அந்த வளவின் முழுத் தொழிலும் அந்தச் சிவப்பின் மேல்தான் நிற்கிறது என்பது படலை திறக்கும்போது எனக்குத் தெரியாது.

அம்மாவின் கலப்பு ஆசை தொடங்கியது செவ்வரத்தையில் அல்ல, டே லிலியில். கனடாவிலிருக்கும் மகள் தன் வீட்டுத் தோட்டத்துப் பூக்களைப் படம் எடுத்து அனுப்புவார். வெளிர் மஞ்சள் இதழின் நடுவே கருஞ்சிவப்பு வளையம், இதழின் ஓரத்திலும் அதே நிறத்தில் சுருள்கரை. இப்படியொரு பூ எங்கள் முற்றத்தில் பூக்காதா என்ற ஆசை அம்மாவுக்கு வந்தது. மலைநாட்டுக்குப் போய்வந்த ஒருவர் கொடுத்த சாதாரண மஞ்சள் டே லிலி இரண்டு மண்சட்டிகளில் இப்போதும் நிற்கிறது. இலை உண்டு, பூ எப்போதாவதுதான்.

மகளின் படங்களிலிருந்த அந்தச் சித்திரப் பூக்கள் இயற்கையாக வந்தவையல்ல. டே லிலியின் தாயகம் சீனா, கொரியா, யப்பான். சீனத்துச் சமையலில் அதன் மொட்டைக் காயவைத்துக் கறிக்குப் போடுவார்கள். காட்டு இனங்களில் பெரும்பாலும் மஞ்சளும் செம்மஞ்சளும்தான். நியூயோர்க் தாவரவியல் பூங்காவில் ஆர்லோ ஸ்டவுட் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இனங்களைக் கலந்து கலந்து சிவப்பையும் இளஞ்சிவப்பையும் கொண்டுவந்தார். 1934 இல் டே லிலி பற்றி நூலும் எழுதினார். 1946 இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் உருவானது. அதன் பின்னர் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் விஞ்ஞானிகளல்ல, வீட்டு முற்றத்தில் செடி வளர்த்த சாதாரண மனிதர்கள். இன்றைக்குப் பதிவான வகைகள் 1,00,000 ஐத் தாண்டிவிட்டன. நடுவளையமும் கரையும் இப்படிப் படிப்படியாகத் தெரிந்தெடுத்து ஆழமாக்கப்பட்டவைதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டே லிலியின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கி இதழைத் தடிப்பாகவும் நிறத்தைச் செறிவாகவும் ஆக்கப் பயன்பட்ட இரசாயனம் கொல்சிசின். அந்தக் கொல்சிசின் எங்கள் வேலிகளில் மாரிக்குப் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. ஆளைக் கொல்லும் நஞ்சு அது. வீட்டில் யாரும் பரீட்சித்துப் பார்க்கிற பொருளல்ல.

டே லிலியில் பல வகைகளுக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில் இலை பட்டுப்போய் உறங்கினால்தான் அடுத்த வருடம் பலமாகப் பூக்கும். வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும் வகைகள் சூட்டு நாடுகளில் ஓரளவு தாங்கும், ஆனால் மகளின் படத்திலிருந்த பூ எந்த வகையோ யாருக்கும் தெரியாது. அம்மா அந்த ஆசையை விடவில்லை, செடியை மட்டும் மாற்றினார். டே லிலியைப் போலவே செவ்வரத்தையும் காலையில் விரிந்து அன்றைக்கே முடிகிற பூத்தான். அதன் நடுவிலும் கறை விழும். வளையம், கதிர், ஓரம் எல்லாம் அதிலும் வரும். எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. மண் ஏற்கிற செடியில் ஆசையைத் தேடுவதுதான் தோட்டக்காரரின் அறிவு.

செவ்வரத்தைக் கலப்பும் நீண்ட கதை. மொரீசியஸ் தீவில் சார்ல்ஸ் டெல்ஃபெயர் என்பவர் 1820களிலேயே அப்பகுதித் தீவுகளின் காட்டுச் செவ்வரத்தையோடு எங்கள் ஊர்ச் சிவப்பின் இனத்தைக் கலந்தார். ஹவாய்த் தீவுகளில் இந்தப் பித்து இன்னும் பெரிதாகி, 1913 இல் அங்குள்ள விவசாயப் பரிசோதனை நிலையம் அலங்காரச் செவ்வரத்தைகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. இன்றைய கலப்புச் செவ்வரத்தையில் ஆசியா, கிழக்கு ஆபிரிக்கா, இந்து சமுத்திரத் தீவுகள், ஹவாய் என்று பல இடத்து இரத்தம் ஓடுகிறது. அதனால்தான் ஒரு காய்க்குள் இருக்கும் விதைகளில் ஒன்றைப்போல ஒன்று பூப்பதில்லை.

வேலையைப் பார்ப்போம். அம்மா முதலில் தகப்பன் பூவைக் காம்போடு பறித்தார். இதழ் ஐந்தையும் உரித்து எறிந்தார். நடுத்தண்டு மட்டும் விரல்களுக்கிடையில் நின்றது. அதைச் சுற்றிப் பொன்னிறப் பொடி, ஒவ்வொரு மணியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. தாய்ப் பூவின் மகரந்தப் பைகளை முதல் நாள் பின்னேரம் மொட்டாக இருக்கும்போதே கிள்ளி எடுத்திருந்தார். அதன் தண்டின் நுனி ஐந்தாகக் கிளைக்கிறது. ஒவ்வொரு கிளையின் தலையிலும் மெல்லிய மயிர் படர்ந்த ஒரு பொட்டு. தகப்பன் தண்டால் அந்த ஐந்து பொட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். தூரிகை இல்லை, கருவி எதுவும் இல்லை. பொடி ஒட்டியதும் பொட்டின் சிவப்பு மறைந்து மஞ்சளானது. “ஐஞ்சிலயும் படவேணும். ஒண்டு விட்டால் காய்க்குள்ள விதை குறைஞ்சுபோம்” என்றார்.

பிறகு நூல். காம்பில் நிற நூல் கட்டுகிறார், ஒவ்வொரு தகப்பனுக்கும் ஒரு நிறம். சட்டைப் பை போன்ற ஒரு துணிப்பைக்குள் நூல் துண்டுகள் வெட்டித் தயாராக இருந்தன. கட்டிய உடனே பள்ளிக்கூடக் கொப்பியில் எழுத்து. தாயின் பெயர் முன்னுக்கு, தகப்பன் பெயர் பின்னுக்கு, பக்கத்தில் திகதி. உலகம் முழுவதும் பூக்கலப்பு செய்பவர்கள் இதே ஒழுங்கில்தான் எழுதுகிறார்கள். அம்மா யாரிடமும் கேட்டு எழுதவில்லை. “தாயை முன்னுக்கு எழுதாமல் வேறென்ன?” என்பது அவர் நியாயம்.

தொட்ட பூக்களில் பெரும்பாலானவை ஒரு கிழமைக்குள் காம்போடு விழுந்துவிடும். நூலும் சேர்ந்து நிலத்தில் கிடக்கும். விழாமல் நின்றால் சூலகம் பருக்கும், காய் முற்ற இரண்டு மாதம் வரை ஆகலாம். மாரி ஓய்ந்து பனி விழும் மார்கழி, தையில்தான் காய் நிற்கிறது, சித்திரை வெக்கையில் வீண் வேலை. முற்றும் காய்க்கு ஒரு துண்டு வலைத்துணி கட்டிவிடுகிறார், வெடித்தால் விதை கொட்டாமலிருக்க. விதையின் தோல் கடினம். நகவெட்டியால் ஓரத்தில் ஒரு சிறு காயம் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து, தும்புத்தூளும் மணலும் கலந்த தட்டில் ஊன்றுகிறார். முதற் பூவைக் காண ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லும்.

அந்தப் பூ பெரும்பாலும் ஏமாற்றும். பெரிய பண்ணைக்காரர்கள் பிடிக்காத நாற்றைப் பிடுங்கி எறிவார்கள். தெரிவு என்பது அதுதான், அதில் இரக்கம் பார்த்தால் இனம் முன்னேறாது. அம்மாவால் முடியவில்லை. கறை கலங்கியது, காம்பு தொங்குவது, இதழ் மடியாதது என்று ஒதுக்கியவற்றை எல்லாம் அயலுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அவர் ஒதுக்கிய பூக்கள் நிற்கின்றன. எனக்குக் காட்டிய ஒரு கன்று மட்டும் அவர் நினைத்தது மாதிரி வந்திருந்தது. செம்மஞ்சள் இதழ், நடுவில் இருண்ட சிவப்புக் கறை, கறையிலிருந்து இதழின் நரம்பு வழியே வெளிறிய கோடுகள், ஓரத்தில் மெல்லிய வெண்கரை. தை மாதத்துக் குளிர்ச்சியில் கறை ஆழமாக விழுந்திருந்தது. வெக்கை காலத்தில் இதே செடி இதைவிட வெளிறிய பூத்தான் தரும். அதற்கு அவர் இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டாம் வருடமும் இப்படியே பூத்தால்தான் பெயராம்.

நல்ல கன்று கிடைத்த பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. குடாநாடு சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படை படிவதை எல்லா வீட்டுக்காரரும் அறிவார்கள். கலப்புச் செவ்வரத்தைக்கு இலேசான அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். காரத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் அதைக் கண்டதும் யூரியாவைப் போடுகிறார்கள். அதனால் இந்த நோய் தீராது. மட்கிய இலைச்சருகும் மாட்டெருவும் தாராளமாகப் போட வேண்டும், முடிந்தவரை மழைத்தண்ணீர் ஊற்ற வேண்டும், கடுமையானால் கீலேற்று இரும்பு வாங்கித் தெளிக்க வேண்டும். இந்த வீட்டில் பீலியின் கீழ் பரல்கள் வரிசையாக நிற்பது அதற்காகத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை பிடித்த தண்ணீர் நாற்றுத் தட்டுகளுக்கு மட்டும்.

முழுத் தீர்வைக் கொண்டுவந்தவர் மருமகள். அம்மாவை அவர் மாமி என்று கூப்பிடுகிறார். வேலியில் நிற்கும் நாட்டுச் சிவப்பு இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் மஞ்சளாகாமல் நிற்கிறதென்றால் அதன் வேரைக் கடன் வாங்கலாமே என்பது அவர் யோசனை. நாட்டுச் சிவப்பின் தடியை வேரூன்றவைத்து, பென்சில் தடிப்பில் வந்ததும் தலையை வெட்டி, நடுவே பிளேட்டால் பிளக்கிறார். சித்திரப் பூக் கன்றின் கொப்பை இலை களைந்து ஆப்பாகச் சீவி அந்தப் பிளவுக்குள் இறக்குகிறார். தோலுக்குத் தோல் பொருந்த வேண்டும். இரண்டும் ஒரே தடிப்பில் இல்லாவிட்டால் ஒரு பக்கத் தோலாவது நேராக இருக்க வேண்டும். “ரெண்டு பக்கமும் பார்க்கப் போனால் ரெண்டும் பிசகும் அண்ணா. ஒண்டைப் பிடிச்சால் போதும்” என்று சொல்லிக்கொண்டே பொலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றினார். மேலே ஒரு பை கவிழ்த்து, பனங்கூடலின் நிழலில் வைத்தார். கொப்பில் புதுக் குருத்து கிளம்பும்வரை பையை எடுப்பதில்லை. விதையால் இனம் மாறும், ஒட்டால் மாறாது. ஒரு நல்ல பூ பத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் இந்தப் பெண்ணின் பிளேட் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சிவப்பைப் பற்றி அம்மா சொன்னது ஒன்று என் கொப்பியில் இருக்கிறது. 1987 வைகாசியில் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது வீட்டைப் பூட்டாமலே ஓடினார்கள். திரும்பி வந்தபோது சட்டியில் நின்றதெல்லாம் பட்டுப்போயிற்று. வேலிச் செவ்வரத்தை பூத்து நின்றது. “உதுக்கு ஒருத்தரும் தண்ணி விடேல்லை” என்றார். இன்று ஒட்டுக்கு எடுக்கும் தடி எல்லாம் அந்த வேலியிலிருந்துதான் வெட்டப்படுகிறது.

இந்த இருவரின் உழைப்புக்கு ஊரில் கிடைக்கும் மதிப்புப் போதாது. ஒட்டுக் கன்று நாட்டுக் கன்றைவிடப் பல மடங்கு விலைபோகிறது, உண்மைதான். ஆனால் விதை போட்ட நாளிலிருந்து பூ, பிறகு வேர், பிறகு ஒட்டு, பிறகு பை எடுக்கும் நாள் என்று கணக்குப் பார்த்தால் அந்த விலை மிகக் குறைவு. படலையில் நின்று “ஒரு செவ்வரத்தைக்கு இவ்வளவோ?” என்று பேரம் பேசுகிறவர்களை நான் அங்கேயே பார்த்தேன். இதே ஆட்கள் கொழும்பிலிருந்து லொறியில் வரும் கன்றுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு மகள் டே லிலிக் கிழங்கு அனுப்புவதாகப் பலமுறை சொல்லியும் அவர் வேண்டாமென்றுவிட்டார். அது மிகச் சரி. செடியோடு பூச்சியும் நோயும் சேர்ந்து வரும். 2008 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பப்பாசியை மட்டுமல்லாமல் செவ்வரத்தையையும் தேமாவையும் வெள்ளை படர்த்தி வாட்டியது. அடுத்த ஆண்டு அதன் ஒட்டுண்ணிக் குளவியை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. டே லிலியின் துரு நோயும் அப்படித்தான். ஆசியாவிலிருந்த பூஞ்சணம் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முறை காணப்பட்டு, சில ஆண்டுகளில் அங்குள்ள தோட்டங்களில் பரவிவிட்டது. கைமாறிய கன்றுகளோடுதான் அது பயணம் செய்தது.

1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரமும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் செடியோ கிழங்கோ இலங்கைக்குள் கொண்டுவரக் கூடாது. சூட்கேசுக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டாம். படம் அனுப்புங்கள், அது போதும். ஊரில் வீடு திருத்தி மதில் கட்டுகிறவர்கள், வேலியில் நிற்கும் நாட்டுச் செவ்வரத்தையை அடியோடு கிளப்புவதற்கு முன் நாலு தடியை வெட்டி ஒரு மூலையில் ஊன்றிவிடுங்கள். ஒட்டுப் போட அந்த அடிக்கன்று வேண்டும், அது கடையில் விற்பதில்லை.